பின்னச்சு காட்டும் திசை

காரைத் திருப்புபவை முன்சக்கரங்கள் என்பதால் அதை நேராகக் கொண்டு செல்பவையும் அவையே என்ற எண்ணம், ஓட்டுபவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் ஒருசேர ஊறிக் கிடக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொன்னவுடன் டை ராடு, பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் என்று முன்பக்கத்து உறுப்புகளே வரிசையாகச் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. ஆனால் திரும்புதல் வேறு, நேராக ஓடுதல் வேறு. முன்சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பக் கூடியவை என்பதாலேயே அவற்றுக்கென்று சொந்தமான திசை எதுவும் கிடையாது. திரும்ப இயலாத பின்சக்கரங்களோ தம்மைத் தாங்கும் அச்சுக்குச் செங்குத்தான ஒரே திசையில்தான் உருள முடியும் என்பதால், வண்டிக்கு ‘நேர்’ எது என்பதை அவையே வகுக்கின்றன. அவை வகுத்த திசைக்கு ஒத்துப்போகுமாறு முன்சக்கரங்களை ஓட்டுநர் திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியைச் செலுத்தும் இந்தத் திசைக்கோட்டை அலைன்மென்ட் தொழிலில் த்ரஸ்ட் லைன் என்றும், அதற்கும் வண்டி உடலின் நீளவாட்டு நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை த்ரஸ்ட் ஆங்கிள் என்றும் வழங்குவர். அந்தக் கோணம் சுழியமாக இருக்கும்வரை பின்னச்சைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. சுழியத்திலிருந்து விலகிய பிறகும் நெடுநாள் நினைப்பதில்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்றான வீரகேரளம்புதூரும், அதைச் சூழ்ந்த சுரண்டை, ஊத்துமலை, பாவூர்சத்திரம் பகுதிகளும் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான களம். காய்கறிச் சந்தைகளை நம்பி இயங்கும் இந்த வட்டாரத்தில் பழைய வண்டி என்பது சேகரிப்பாளர் துடைத்து வைக்கும் பொருளாக இருப்பதில்லை. அது உழைக்கும் வண்டி. 1984 முதல் 2019 வரை உற்பத்தியான மாருதி ஆம்னி, ஆள் ஏற்றுவதற்கென்று பதிவாகிச் சரக்கும் ஏற்றியே காலம் கழித்தது. உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், குற்றாலச் சீசன் காலங்களில் டாக்சியாகவும் மற்ற நாட்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, சாவு வீடு என்று எல்லாவற்றுக்குமான வண்டியாகவும் ஓடியது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற விதியைக் கடந்து எஞ்சியிருக்கும் இத்தகைய வண்டிகளில் பின்பக்க அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: இரு சக்கரங்களையும் இணைக்கும் விறைத்த அச்சு, அதைத் தாங்கும் இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள்.

இந்த அமைப்பின் எளிமை ஏமாற்றக் கூடியது. நீளத்தில் படிப்படியாகக் குறைந்து செல்லும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளையிட்டு, அதில் செருகிய ஒரே சென்டர் போல்ட்டால் இறுக்கியது பட்டை ஸ்பிரிங். எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையின் இரு முனைகளும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்கண் ரப்பர் புஷ்ஷுடன் வண்டி உடலில் அசையாத இடத்தில் மாட்டப்பட, பின்கண் ஷாக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும், ஏனெனில் பாரம் ஏறி வளைவு தட்டையாகும்போது பட்டையின் நீளம் கூடுவதற்கு ஒரு முனையாவது இடங்கொடுக்க வேண்டும். அச்சை உள்ளடக்கிய ஹவுசிங்கின் மேல் ஸ்பிரிங் உட்காரும் தட்டையான இருக்கையில் ஒரு துளை உண்டு. சென்டர் போல்ட்டின் தலை அந்தத் துளைக்குள் இறங்கி அமர்ந்துகொள்ள, இரண்டு யூ போல்ட்டுகள் ஸ்பிரிங்கையும் ஹவுசிங்கையும் சேர்த்து இறுக்கிக் கட்டுகின்றன. பின்சக்கரத்தின் இடத்தையும் திசையையும் காப்பது, கடைசியில், கட்டைவிரல் கனம்கூட இல்லாத அந்தப் போல்ட்டுத் தலையும் யூ போல்ட்டுகளின் இறுக்கமும்தான். இவ்வமைப்பில் திருகிச் சரிசெய்யும் நட்டு எதுவும் பின்பக்கம் கிடையாது. ஆகவே பின்சக்கர அலைன்மென்ட்டைச் ‘செட்’ செய்வது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. அது கெட்டிருந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்பதே பொருள்.

கேடு தொடங்கும் விதமும் கவனத்துக்குரியது. அளவுக்கு மீறிய பாரமும் மேடு பள்ளமும் யூ போல்ட்டுகளைச் சிறுகச் சிறுகத் தளர்த்துகின்றன. அவை தளர்ந்ததும், இருக்கைக்கும் பட்டைக்கும் இடையிலான உராய்வு தாங்கிவந்த விசை முழுவதும் சென்டர் போல்ட்டின் கழுத்தில் விழுகிறது. இடத்தைக் குறிப்பதற்காக வைக்கப்பட்ட போல்ட் இழுவையைத் தாங்கும் வேலைக்கு ஆளாகி, ஒருநாள் அறுந்துபோகிறது. அறுந்த பிறகும் வண்டி ஓடும். ஒரு பக்க அச்சு முனை ஸ்பிரிங்கின் மேல் சற்றே பின்னோக்கி நழுவியிருக்கும், அவ்வளவுதான். இரு ஸ்பிரிங்குகளுக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முனை 10 மில்லிமீட்டர் பின்வாங்குவதால் அச்சு அரைப் பாகைக்குச் சற்று மேல் கோணுகிறது. அம்பாசடரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரமான வீல்பேஸ் 2464 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் இந்தக் கோணல் ஏறத்தாழ 25 மில்லிமீட்டராகப் பெருகுகிறது, அதாவது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தைத் தொடராமல் ஓர் அங்குலம் விலகி உருள்கின்றன. முன்னால் செல்லும் இத்தகைய வண்டியைப் பின்னாலிருந்து கவனிப்பவருக்கு அதன் உடல் போகும் திசைக்குக் குறுக்காகச் சற்றுத் திரும்பியிருப்பது புலப்படும். உள்ளே இருப்பவருக்குப் புலப்படாது.

வழக்கமாகச் சக்கரக் கோணலை முதலில் அறிவிக்கும் டயரும் இங்கே பேசுவதில்லை. ஹவுசிங் வளைந்து, ஒரு சக்கரம் மட்டும் உருளும் திசைக்கு 1 பாகை விலகி நின்றால், அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும் கணக்காகி, அதன் ரப்பர் ஒரு விளிம்பில் அரம் போட்டதுபோல் தேயும். ஆனால் ஹவுசிங் நேராக இருந்து, அச்சு முழுவதுமாகக் கோணியிருந்தால் இரு பின்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கும்; முன்சக்கரங்களையும் ஓட்டுநர் அதே திசைக்குத் திருப்பிப் பிடித்துக்கொள்வதால் நான்கு டயர்களும் இழுபடாமல் உருள்கின்றன. தவறு முழுவதும் ஸ்டியரிங் வளையத்தின் ஒரு சிறு சாய்வாக மட்டும் மிஞ்சுகிறது. டயர் தேயாததால் பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வருவது எளிது. அந்த முடிவு தவறாக இருப்பதும் எளிது.

அந்தச் சிறு சாய்வுக்கும் வேறு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் எல்லா வண்டிகளும் இயல்பாகவே சற்று இடப்பக்கம் இழுக்கப்படுவதால், ஓட்டுநரின் கை சற்று வலப்பக்கம் தாங்கியே இருக்கும். வலப்பக்க அச்சு முனை பின்வாங்கிய வண்டியிலும் மூக்கு இடப்பக்கம் திரும்ப முனைகிறது, கை வலப்பக்கம் தாங்குகிறது. ஆகவே பழியைச் சாலை ஏற்றுக்கொள்கிறது. ஓட்டுநர் மட்டுமே உட்கார்ந்து பெரும்பகுதி தூரம் ஓடும் கார்களில் வலப்பக்க ஸ்பிரிங் முதலில் தொய்ந்து தட்டையாவதும், தட்டையாகும் பட்டை நீண்டு அந்தப் பக்க அச்சைச் சற்றே பின்தள்ளுவதும் இதே திசையில் வேலை செய்கின்றன. மாறாக, இடப்பக்க முனை பின்வாங்கினால் சாலைச் சரிவும் அச்சின் கோணலும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ள, கெட்டுப்போன வண்டி நல்ல வண்டியைவிட நேராக ஓடுவதுபோல் தோன்றக்கூடும்.

தென்காசி வட்டாரத்தில் மூன்றாவதாக ஒரு விளக்கமும் உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்துவரும் காற்று, சுரண்டை, ஆலங்குளம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தில் ஆம்னி போன்ற உயரமான, தட்டையான பக்கங்களைக் கொண்ட வண்டிகளையும் தள்ளுகிறது. கடையநல்லூரிலிருந்து தெற்கு நோக்கித் தென்காசிக்கு வருகையில் அது வலப்பக்கத்திலிருந்து தாக்கும். திரும்பிப் போகையில் இடப்பக்கத்திலிருந்து தாக்கும். மூன்றையும் பிரித்தறிய இந்த வேறுபாடே வழிகாட்டுகிறது: போகும்போதும் வரும்போதும் கை தாங்கும் பக்கம் மாறினால் காரணம் காற்று, காற்றில்லாத நேரத்தில், ஆளற்ற சமதள மைதானத்தில் ஓட்டும்போது சாய்வு மறைந்தால் காரணம் சாலை, எங்கும் எப்போதும் மாறாமலிருந்தால் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவில்லை. ஆனாலும் அது அரிதாகவே செய்யப்படுகிறது, ஏனெனில் ஓட்டுநரின் கை அதற்குள் வண்டியோடு சமாதானமாகிவிட்டிருக்கும்.

அலைன்மென்ட் கடையும் பல நேரங்களில் அந்தச் சமாதானத்தை உறுதிப்படுத்தும் வேலையையே செய்கிறது. பழைய இருசக்கர முறையில் முன்சக்கரங்கள் மட்டுமே அளக்கப்பட்டு, அவற்றின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவான ‘டோ’ சரிசெய்யப்படும். பின்னச்சு எப்படி நிற்கிறது என்ற கேள்வியே எழாது. நான்கு சக்கர முறையில் நான்கு ரிம்களிலும் பிடிகள் மாட்டப்பட்டு, கேமராவோ உணரிகளோ எல்லாக் கோணங்களையும் திரையில் காட்டுகின்றன. புதுச்சேரியின் மானடெக் போன்ற நிறுவனங்கள் இந்த எந்திரங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதால் சிறு நகரங்களுக்கும் அவை வந்துவிட்டன. எந்திரம் த்ரஸ்ட் ஆங்கிளைத் தெளிவாகக் காட்டும். ஆனால் திருகுவதற்குப் பின்பக்கம் நட்டு இல்லை என்பதால், கோணிய த்ரஸ்ட் லைனுக்கு இணையாக முன்சக்கரங்களை அமைத்து, ஸ்டியரிங் வளையத்தை நடுவில் நிறுத்தி அனுப்புவதே வழக்கமான முடிவாகிறது. வளையம் நேராக நிற்கிறது, திரையில் முன்சக்கர எண்கள் பச்சையாகின்றன, வண்டியோ முன்பு எவ்வளவு குறுக்காக ஓடியதோ அவ்வளவு குறுக்காகவே ஓடுகிறது. அதுவரை ஸ்டியரிங்கின் சாய்வாவது ஏதோ தவறு என்று சொல்லிக்கொண்டிருந்தது; இந்தத் திருத்தம் அந்த ஒரே சாட்சியையும் நீக்கிவிடுகிறது.

திருநெல்வேலியில் ஆனித் திருவிழாவில் ஓடும் நெல்லையப்பர் தேரை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேரின் அச்சுகள் திரும்புவதில்லை. வடம் இழுக்கும் கூட்டத்தால் வேகத்தைத் தர முடியுமே தவிரத் திசையை நுட்பமாகத் தர முடியாது. ஆகவே சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுப்பவர்கள் சில அடிகளுக்கு ஒருமுறை தேரின் போக்கைத் திருத்தியபடி உடன் வருகிறார்கள். அச்சு தானாக ஒரு திசையையே அறியும், மற்றதெல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும் என்ற உண்மை அங்கே எல்லார் கண்முன்னும் நடக்கிறது. எவரும் அதை மறைப்பதில்லை. பின்னச்சு கோணிய காரில் முட்டுக்கட்டை போடுபவர் ஓட்டுநரே. அவர் கணந்தோறும் போடும் கட்டைகள் அவருக்கே தெரியாத அளவுக்குச் சிறியவை என்பதால், திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்பதே மறந்துபோகிறது.

கோணலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த எந்திரம் கட்டாயமில்லை. வீடு கட்டும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் டேப்பும் போதும். டயர்களில் காற்றைச் சமமாக்கி, சரக்கை இறக்கி, சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்த வேண்டும்; ஜாக்கியில் தூக்கி இறக்கிய நிலையில் அளந்தால் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் தம் இயல்பான இருப்புக்கு வந்திருக்காது. இரண்டு ஸ்பிரிங்குகளின் முன்கண் போல்ட்டுகளிலிருந்தும், இரண்டு பக்கமும் ஹவுசிங்கின் ஒரே மாதிரியான இரு புள்ளிகளிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டு வண்டியை நகர்த்தினால், தரையில் ஒரு நாற்கரம் கிடைக்கும். அதன் இரு நீளப் பக்கங்களும் சமமாகவும் மூலைக்கு மூலை அளவுகள் சமமாகவும் இருந்தால் அச்சு ஸ்பிரிங்குகளுக்குச் செங்குத்தாக நிற்கிறது. நீளப் பக்கங்கள் வேறுபட்டால் எந்த முனை எவ்வளவு நழுவியது என்பதைத் தரையே சொல்லிவிடும். ஹவுசிங் வளைவை அறிய, பின்ரிம்களின் உள்விளிம்பில் அச்சு உயரத்தில் முன்பக்கம் ஒரு குறியிட்டு இடைவெளியை அளந்து, சக்கரம் அரைச்சுற்று உருளும்படி வண்டியை நகர்த்தி, அதே குறிகள் பின்பக்கம் வந்தபின் மீண்டும் அளக்க வேண்டும். அதே குறிகளையே இருமுறையும் அளப்பதால் ரிம்மின் சொந்த வளைவு கணக்கில் கலக்காது; இரு அளவுகளும் வேறுபட்டால் வளைந்திருப்பது ஹவுசிங்தான்.

அளவுகள் சொல்வதைக் கண்ணாலும் சரிபார்க்கலாம். இறுக்கமாகக் கட்டப்பட்ட ஸ்பிரிங்கின் இருக்கை ஓரத்தில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே படலமாக உறைந்திருக்கும். தளர்ந்த இடத்திலோ அந்தப் படலம் ஒரு மயிரிழைக் கோடாக வெடித்து, அதன் வழியே செங்காவி நிறத் துருப்பொடி கசிந்து படிந்திருக்கும். அழுக்கைத் துடைத்தால் பட்டையின் விளிம்பையொட்டி விரல் அகலத்துக்கு உலோகம் பளபளவென்று தேய்ந்து தெரியும். யூ போல்ட்டைச் சுத்தியலால் தட்டினால், இறுகிய பக்கம் கணீரென்றும் தளர்ந்த பக்கம் மந்தமாகவும் ஒலிக்கும். யூ போல்ட்டைக் கழற்றியபின் சென்டர் போல்ட் இரண்டு துண்டாகக் கையில் வருவது இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் முடிவான சான்று.

பழுது நீக்கும் வேலை அதிகமில்லை. அதன் வரிசைதான் முக்கியம். புதிய சென்டர் போல்ட்டின் தலை இருக்கைத் துளையின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் அதை வெல்டு வைத்து நிரப்பி மறுபடி துளையிட்டாலொழிய புதிய போல்ட்டும் பழைய கோணத்திலேயே உட்காரும். தொய்ந்த பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் அடித்து வளைவேற்றும்போது இரு பக்கமும் ஒரே வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். நீண்டுபோன யூ போல்ட்டை மீண்டும் போடக் கூடாது. புதியவற்றின் நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பட்டைகள் படிந்தபின் மறுபடியும் இறுக்க வேண்டும். கண் புஷ்ஷுகளின் போல்ட்டுகளுக்கு இறுதி இறுக்கம் தருவது வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே. தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து விரைவில் கிழிந்துவிடும். இவையெல்லாம் முடிந்து, தரையில் மீண்டும் நாற்கரம் போட்டுப் பார்த்த பின்னரே முன்சக்கர டோவில் கைவைக்க வேண்டும்.

பின்சக்கரக் கோணத்தை அமைப்பின் எளிமையால் காப்பதா, நுட்பத்தால் காப்பதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டின் கார் உற்பத்தி வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த காரின் இந்திய வடிவம். அதன் பின்பக்கத்தில் விறைத்த அச்சு இல்லை; நடுவிலுள்ள டிஃபரன்ஷியலிலிருந்து இரு அரை அச்சுகளும் சிறகுகளைப்போல் தனித்தனியே மேலும் கீழும் அசைந்தன, குறுக்காக வைத்த ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்கியது. சக்கரம் ஏறி இறங்குந்தோறும் அதன் செங்குத்துச் சாய்வாகிய ‘கேம்பர்’ மாறிக்கொண்டே இருந்தது. ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியின் பின்சக்கரங்கள் சிறிது தூரம் உருளும்வரை கால் மடக்கி நிற்பதுபோல் உள்வாங்கி நிற்கும். டோவைச் சரிசெய்ய, சக்கரத்தை முன்னோக்கிப் பிடிக்கும் கைகளின் அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டியிருந்தது. அதாவது அம்பாசடரில் இல்லாத சரிசெய்யும் வசதி ஹெரால்டில் இருந்தது. அதைச் சரியாகப் பயன்படுத்தும் அளவுகளும் பொறுமையும் ஊர்தோறும் இருந்த பட்டறைகளில் இருந்தனவா என்பது வேறு கேள்வி. 1972இல் அதே நிறுவனம் ஹெரால்டின் வழியில் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு கேஸல், தனித்தனி அரை அச்சுகளைக் கைவிட்டு விறைத்த பின்னச்சுக்கே திரும்பியது. பொறியியல் நோக்கில் அது பின்வாங்கல். சுத்தியலும் டேப்பும் மட்டுமே உள்ள பட்டறையிலும் மீட்டெடுக்கக் கூடிய அமைப்பு என்ற நோக்கில் அது ஒரு தெளிவு.

இருப்பினும் பழைய வண்டியில் மீட்டெடுக்க வேண்டிய மூலநிலை எது என்பதே சில வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே தாங்கும் கட்டு. அடித்தகடு துருப்பிடித்து, ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட்டுகள் எப்போதோ ஒருமுறை வெட்டி எடுக்கப்பட்டுக் கண்மதிப்பில் மறுபடி வெல்டு வைக்கப்பட்டிருந்தால், போல்ட், பட்டை, புஷ் எல்லாமே புதிதாக இருந்தும் அச்சு கோணியே நிற்கும். தரையில் போட்ட நாற்கரத்தின் நீளப் பக்கங்கள் சமமாக இருந்தும் வண்டி குறுக்காக ஓடும், ஏனெனில் அளவெடுக்கத் தொடங்கிய முன்கண் புள்ளிகளே இடம் மாறியவை. அப்போது உடலின் நடுக்கோட்டைத் தேடிப் பயனில்லை. நான்கு சக்கரங்களும் தமக்குள் கொண்டிருக்கும் உறவே அளவுகோலாகிறது: இரு முன்சக்கரங்களின் நடுப்புள்ளியையும் இரு பின்சக்கரங்களின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோட்டுக்குப் பின்னச்சு செங்குத்தாக இருந்தால், உடல் எப்படி வளைந்திருந்தாலும் அந்த வண்டி நேராக ஓடும். நேர்மை என்பது தொழிற்சாலை வரைபடத்தில் எழுதிவைத்த ஓர் எண்ணாக இல்லாமல், எஞ்சியிருக்கும் உறுப்புகளுக்கிடையே அளந்து நிலைநாட்டப்படும் ஒன்றாக இங்கே மாறுகிறது; அதற்காக பிராக்கெட்டை மறுபடி வெட்டி ஒட்டுவதா, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கோணலோடு நிறுத்திக்கொள்வதா என்று தீர்மானிக்கும் பொறுப்பும் பட்டறையின்மேல் விழுகிறது.

அந்தப் பொறுப்பை ஏற்பதும் கோணலோடு சமாதானமாவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம்; இரண்டிலும் வண்டி முழு நேராக இல்லாமலேயே சாலைக்குத் திரும்புகிறது. வேறுபாடு, கோணல் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அறிந்தபின் விட்டார்களா, அறியாமலே விட்டார்களா என்பதில் இருக்கிறது. அளந்து விட்ட 3 மில்லிமீட்டர் அடுத்த ஆண்டு 8 ஆகியிருந்தால் ஏதோ நகர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். முன்சக்கரத்தைத் திருகி மறைத்த கோணல் எந்த ஆண்டிலும் எதையும் தெரிவிக்காது. மழை பெய்த நாளில் செங்கோட்டையை அடுத்த புளியரை எஸ் வளைவில் பிரேக் அழுத்தும் ஓட்டுநருக்கு, பின்சக்கரங்களின் கோணல் எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரியாவிட்டாலும், அச்சைக் கட்டியிருக்கும் போல்ட் முழுதாக இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பழைய வண்டி இழுக்கிறது என்று பட்டறைக்கு வந்தால், முதல் கேள்வி பின்பக்கத்தைப் பற்றியதாகவும், முதல் அளவு ஹவுசிங்கின் அடியில் எடுக்கப்படுவதாகவும், அந்த அளவு பில்லின் பின்புறத்திலாவது எழுதித் தரப்படுவதாகவும் இருப்பது, எந்த எந்திரத்தையும்விட மலிவான காப்பு.